ஒரு சாண் காருக்குச் சிவப்பு அடித்த கதை

என் வலது தோள் ஒரு வேனின் கூரையில் போனது. மலேசியாவில், கிள்ளானில் ஒரு பட்டறையில் கார்களுக்குச் சாயம் அடிப்பது என் வேலை. அன்றைக்கு வந்தது உயரமான வேன். முக்காலியில் ஏறி, ஸ்பிரே துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூரையின் நடுப்பகுதியை எட்டியபோது, தோளுக்குள் ஈரத்துணியைக் கிழித்ததுபோல ஒரு சத்தம். எனக்கு மட்டுமே கேட்ட சத்தம். கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் பாதி அடித்த கூரையை விட்டுவிட்டு இறங்க முடியாது. ஓரம் காய்ந்துவிட்டால் நடுவில் கோடு விழும். துப்பாக்கியை இடது கைக்கு மாற்றி, மிச்சத்தையும் அடித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தேன்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு விரல்களால் மேலே ஏறும் பயிற்சி. சட்டை போட முடிந்தது, சோறு பிசைய முடிந்தது, கொமுட்டர் ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கக்கூட முடிந்தது. "தோளுக்கு மேல கையத் தூக்கிச் செய்யற வேல இனி வேணாம் அங்கிள்" என்றார் டாக்டர். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "இனின்னா இனிதான்" என்றார்.

பட்டறை முதலாளி சீனர். நாங்கள் எல்லோரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை நிறுத்தவில்லை. முன்னால் இருக்கும் கவுண்டரில் உட்காரவைத்தார். வண்டி கொண்டுவருகிறவர்களிடம் பேசுவது, என்றைக்குத் தயாராகும் என்று சொல்வது, போனை எடுப்பது. நல்ல மனதோடுதான் செய்தார், எனக்குத் தெரியும். ஆனால் கவுண்டரிலிருந்து கண்ணாடி வழியாக, சாயம் அடிக்கும் அறையான ஸ்பிரே பூத்தின் கதவு தெரியும். அதுதான் என்னைக் கொன்றது. என் இடத்துக்குக் காப்பாரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கெட்டிக்காரர். ஆனாலும் அவர் துப்பாக்கியின் சத்தத்தைக் கேட்டே, காற்று அதிகம், சாயம் குறைவு என்று எனக்குத் தெரிந்துவிடும். எழுந்துபோய்ச் சொல்வேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள், "அண்ணே, நீங்க கவுண்டரப் பாருங்கண்ணே. நான் பாத்துக்கறேன்லா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் எழுந்து போகவில்லை.

கிள்ளானில் சிவப்பு என்றால் என்னைத் தேடி வருவார்கள். சும்மா சிவப்பு இல்லை. முதலில் வெள்ளி அடித்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பைப் படலம் படலமாக ஏற்றி, கடைசியில் மேற்பூச்சு. வெயிலில் நிறுத்தினால் உள்ளிருந்து எரிவதுபோல் இருக்கும். ஒவ்வொரு படலமும் நிறத்தை இன்னும் கருக்கும் என்பதால், ஓர் இடத்தில் கை ஒரு கணம் தயங்கினால் அங்கே திட்டு விழும். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது, முழுக்கச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் சிவப்பை இனி அடிக்க மாட்டேன் என்பதுதான் தோள்வலியைவிடப் பெரிதாக வலித்தது.

இப்படி இருந்தபோதுதான் ஒரு மலாய்க்காரப் பள்ளி ஆசிரியர் கவுண்டருக்கு வந்தார். பள்ளிச் சட்டையோடு, கையில் இருமல் மருந்து பாட்டில் அளவுக்கு ஒரு காலிக் குப்பி. அதை மேசைமேல் வைத்து, ஒரு காரின் சாய எண்ணைச் சொல்லி, அந்த வெள்ளியில் இந்தக் குப்பி நிறைய வேண்டும் என்றார். நாங்கள் பேசியது மலாயில். தமிழில் எழுதுகிறேன், அண்ணன் என்று அவர் என்னை அழைத்த 'அபாங்'கை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.

"கீறலுக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை அபாங், முழுக் காருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் கோபப்படாமல் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். ஒரு சாண் நீளத்தில் ஒரு ஜப்பானியக் கார். பிளாஸ்டிக்கில் பாகம் பாகமாக வரும், ஒட்டிச் சாயம் அடிக்க வேண்டும் என்றார். உண்மையான காருக்கு அடிக்கிற சாயத்தையே சின்னத் துப்பாக்கியில் அடிக்கிறாராம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிகள், விளக்குகள், சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் தட்டுகூட இருந்தது. ஆனால் சாயம் மோசம். வெள்ளித் துகள்கள் மணல்போலப் பெரிது பெரிதாகத் தெரிந்தன. கதவோரத்தில் வழிந்து நின்றிருந்தது.

"இது சரியில்லையே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் அபாங். அதற்குத்தான் நல்ல சாயம் தேடி வந்தேன்."

"சாயத்தில் பிரச்சினை இல்லை. அடிப்பதில்தான்."

அவர் குப்பியை நிரப்பிக்கொண்டு போனார். மறுவாரம் திரும்பி வந்தார். ஒரு பிளாஸ்டிக் காரின் வெற்று உடலை மேசையில் வைத்து, "என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றை நீங்கள் அடித்துக் காட்டுங்கள்" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே பார்க்க ஆசைப்பட்டார். பழைய இரண்டு கதவுக் காரின் கூடு அது. உள்ளங்கையில் வைத்தேன். எடையே இல்லை. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டே இதற்கு அடிக்கலாம், தோளைத் தூக்கவே வேண்டாம் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

சின்னத் துப்பாக்கி என் வீட்டிலேயே இருந்தது. என் மனைவி கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்சில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவர். பவுடரைப் பஞ்சால் ஒற்றுகிற காலம் போய், இப்போது முகத்துக்கும் ஸ்பிரேதான். பேனாவைப்போலப் பிடிக்கிற துப்பாக்கி, ரொட்டி டின் அளவுக்கு ஒரு காற்று இயந்திரம். அவரிடம் துப்பாக்கி இரண்டு இருந்தது. பழையதைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒரு சின்ன காருக்குச் சாயம் அடிக்கணும்."

"கழுவித் தருவீங்களா?"

"இத்தன வருஷமா நான் துப்பாக்கி கழுவாததா?"

எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் உட்கார்ந்தேன். வடிகட்டி முகமூடி போட்டுக்கொண்டேன், அதில் மட்டும் நான் என்றைக்கும் விளையாடியதில்லை. பட்டறையில் கலக்குவதுபோலவே சாயம் கலந்து, பட்டறையில் அடிப்பதுபோலவே அடித்தேன். சுட்ட அப்பளம்போலப் பிளாஸ்டிக் சுருங்கிக் கொப்பளித்தது. தகரத்துக்கென்று செய்த தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. அடியில் காப்புப் பூச்சு கொடுத்திருக்க வேண்டும். எந்தத் தொழிலாளியும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவே இல்லை. கதவுக்கும் உடலுக்கும் நடுவிலிருந்த மெல்லிய இடைவெளி சாயத்தில் மூழ்கிப் போயிருந்தது. கதவே இல்லாத கார். சிவப்பு பரவாயில்லை, ஆனால் அது காராக இல்லை, சோப்புக் கட்டியாக இருந்தது.

ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். "என் முதல் காரும் இப்படித்தான் உருகியது" என்று இன்னொரு கூட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பெருந்தன்மை என்னை இன்னும் பிடிவாதக்காரனாக்கியது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாணம். மனைவி விடியலிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போயிருந்தார். மதியம் திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

"ஏங்க, அந்தப் பழைய துப்பாக்கிய எதுல கழுவுனீங்க?"

"தின்னர்ல."

"அது முகத்துக்கு அடிக்கறதுங்க!"

நடந்தது இதுதான். பெண்ணின் அத்தை மகள் ஆசையாகப் புதுத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்துக் கீழே போட்டிருக்கிறாள். ஊசிமுனை வளைந்துவிட்டது. மனைவி பழையதை எடுத்திருக்கிறார். தின்னரில் ஊறிய அதன் ரப்பர் வளையம் உப்பிப்போய், எல்லாப் பக்கமும் காற்று கசிந்திருக்கிறது. போதாததற்கு வாடை.

"பொண்ணு மூக்கப் புடிச்சிக்கிச்சி. முகத்துல தின்னர் வாடை அடிச்சா மாப்பிள்ள தாலி கட்டுவாரா, இல்ல பாலிஷ் போடுவாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொலைந்தேன் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டேன். பஞ்சை வைத்தே முழு அலங்காரத்தையும் செய்து முடித்திருக்கிறார். பெண் வீட்டாருக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். இவருக்குத்தான் ஆறவில்லை.

குளித்துவிட்டு வந்து, தேநீர்க் கோப்பையோடு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "இனிமே என் சாமானத் தொடாதீங்க. உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கிக்கிங்க."

"சரி."

"வாங்கிட்டு எங்கிட்ட வாங்க. நீங்க பால்கனியில அடிச்சத பாத்தேன். தப்பா அடிக்கறீங்க."

"யாரு, நானா?"

"நீங்கதான். பானெட்டுக்கு அடிக்கற மாதிரி அடிக்கறீங்க. இது முகம் மாதிரிலா."

என் தொழிலைப் பற்றி என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். ஆனால் சொந்தத் துப்பாக்கி வாங்கிக் கொண்டுவந்த அன்று, அதை எடுத்துக்கொண்டு போய் நின்ற இடம் அவருடைய அலங்கார மேசைதான்.

புதுத் துப்பாக்கியில் சாயமே பட்டிருக்கவில்லை. அதில் அவர் தம் முகப்பூச்சைச் சில சொட்டுகள் ஊற்றினார். கூந்தலை வாரிக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடினார். "என் கன்னத்துல அடிங்க."

"உன் முகத்துலயா?"

"கார உருக்குனீங்க, என்னைய உருக்க மாட்டீங்க. அடிங்க."

எத்தனையோ ஆயிரம் கார்களுக்கு அடித்த விரல்தான். விசையை அழுத்தினேன். கன்னத்தில் பூச்சு ஈரமாகத் தேங்கி, ஒரு கோடாகத் தாடை வரைக்கும் வழிந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே, "இதான் உங்க கார்லயும் நடந்திச்சி" என்றார். துடைத்துவிட்டு மறு கன்னத்தைக் காட்டினார். "ஈரமா விழறது தெரிஞ்சாலே அதிகம்னு அர்த்தம். தோலுக்குக் காத்து மட்டும் தெரியணும். கொஞ்சம் கொஞ்சமா சேக்கணும். ஒரே தடவையில மூடணும்னு ஆசப்படாதீங்க."

எங்கள் தொழிலில் இதற்கு நேர்மாறு. பெரிய காருக்கு ஈரமாக அடித்தால்தான் சாயம் தானாகப் பரவிச் சமமாகும். சாண் நீளக் காரில் அது பரவ இடமே இல்லை, ஓரங்களுக்கு ஓடிப்போய்த் தேங்கிவிடும். எனக்கு நன்றாகத் தெரிந்ததே எனக்கு எதிராக நின்றது. அந்தச் சாயங்காலம் அவர் கன்னத்தில் அடித்துத் துடைத்து, அடித்துத் துடைத்து, கடைசியில் பூச்சு விழுவதே தெரியாமல் நிறம் மட்டும் வந்தது. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தவர், "ம். பொண்ணு பாக்க வரச் சொல்லலாம்" என்றார். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அவர் முகத்தை அத்தனை நேரம், அத்தனை அருகில் நான் பார்த்ததில்லை. புருவத்துக்கு மேலே இருந்த சின்னத் தழும்பை அன்றுதான் கவனித்தேன். சமையலறைக் கதவில் இடித்துக்கொண்டதாம். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில்.

அதன்பிறகு பிளாஸ்டிக் கரண்டிகள். கடையில் கட்டாக விற்கிற வெள்ளைக் கரண்டிகளின் முதுகு, காரின் முன்பகுதியைப் போலவே வளைந்திருக்கும். காப்புப் பூச்சு, வெள்ளி, சிவப்பு என்று கரண்டி கரண்டியாக அடித்துப் பார்த்தேன். ஆசிரியரின் படத்தில் பார்த்த மணல் என் கரண்டிகளிலும் வந்தது. பெரிய காரில் மின்னுகிற துகள், சின்னக் காரில் கூழாங்கல்லாகிவிடுகிறது. கார் சிறுத்தாலும் துகள் சிறுக்காது. பட்டறையில் இருந்த வெள்ளிகளிலேயே மிக நைசான வகையைத் தேடி எடுத்து, பால் கலந்த தண்ணீர் அளவுக்கு நீர்க்கவைத்து அடித்தபோதுதான் துகள் மறைந்து உலோகம் தெரிந்தது.

சிவப்புக்கு வந்தபோது மழை வந்தது. பிற்பகலானால் வானம் இருட்டிக்கொள்ளும் மாதம். காற்றில் ஈரம். சிவப்பு அடித்த சில நிமிடங்களில் அதன்மேல் பாலாடைபோல வெள்ளை படர்ந்தது. பட்டறையிலும் இது வரும், ஆனால் அங்கே பூத்தில் சூடேற்றிக் காற்றை உலர்த்திவிடுவோம். பால்கனியில் எதைச் சூடேற்ற? மெதுவாகக் காய்கிற தின்னரை மாற்றிப் பார்த்தேன். காலை வெயில் ஏறிய பிறகு, மழைக்கு முன்னால் அடித்துப் பார்த்தேன். வெள்ளை குறைந்தது, முழுக்கப் போகவில்லை. இரண்டாவது கூட்டின் சிவப்பைக் கழுவி எடுத்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி கழுவினேன்.

பால்கனிக்கும் முடிவு வந்தது. எதிர்வீட்டில் ஓர் ஆன்டி, ஆஸ்துமாக்காரர். கதவைத் தட்டி, "தம்பி, கோவிச்சிக்காதீங்க. அந்த வாடை வந்தா எனக்கு மூச்சு அடைக்குதுப்பா" என்றார். சண்டைக்கு வந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கையில் மூச்சு மருந்தோடு நின்றவரிடம் என்ன சொல்ல? அன்றைக்கே பால்கனியைக் காலி செய்தேன். என் நுரையீரலுக்கு முகமூடி போட்டேன், ஆன்டியின் நுரையீரலை நினைக்கவில்லை.

மனைவி, "அப்ப விட்டுருவீங்களா?" என்று கேட்டார்.

"விடறதா? எடம் மாத்தறேன்."

மறுநாள் தவுக்கேயிடம் போனேன். பட்டறையில் சாயம் கலக்குகிற சின்ன அறை ஒன்று உண்டு. குளிர்சாதனம் ஓடும், புகை வெளியேற்றும் விசிறி உண்டு, காற்றில் ஈரம் இருக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறை எனக்கு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். பையிலிருந்து கூட்டை எடுத்துக் காட்டினேன். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கு இன்ஜின் எங்கே?" என்று கேட்டார். பிறகு சாவியைக் கொடுத்தார்.

பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போகும்போது நான் கூட்டோடு அறைக்குள் போனேன். சோற்றுப் பொட்டலத்தைக் கவுண்டரில் வேலை செய்துகொண்டே தின்றுகொள்வேன். "அங்கிள் பொம்மைக் கார் வெளையாடுறாரு" என்று பின்னால் சிரித்தார்கள். ஒருவன் ஹாரன் அடிப்பதுபோல வாயால் சத்தம் எழுப்புவான். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த அறையில் சிவப்பு வெளுக்கவில்லை. ஆனால் வேறு வேறு சோதனைகள். ஒரு நாள் தலைமுடி ஒன்று கூரையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் காய்ந்துவிட்டது என்று நம்பித் தொட்டேன், கட்டைவிரல் ரேகை பதிந்தது. ஒரு நாள் எல்லாம் சரியாக வந்து, தேய்த்து மெருகேற்றும்போது கதவோரத்தில் சிவப்பு தேய்ந்து வெள்ளி எட்டிப் பார்த்தது. அந்த நாள்தான் மோசம். கூட்டைச் சுவரில் எறியலாம்போல இருந்தது. எறியவில்லை. கழுவும் கரைசலில் போட்டு மூடிவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். யாரோ ஓர் அம்மா தன் காரின் பம்பரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டேன். மனம் முழுக்கக் கதவோரத்திலேயே இருந்தது. முனைகளில் ஒரு படலம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, மெருகேற்றும்போது முனைகளைத் தொடாமல் விட வேண்டும் என்று அந்த அம்மா பேசி முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

கடைசியாக அடித்த அன்று, கதவுக் கண்ணாடி வழியாக யாரோ பார்ப்பது தெரிந்தது. என் இடத்துக்கு வந்த தம்பி. கையில் பாதி சாப்பிட்ட வாழைக்காய் வறுவல். உள்ளே வரச் சொன்னேன். முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்து, மூச்சை அடக்கியதுபோல நின்றார். நான் முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையில் குச்சியில் மாட்டிய காரைச் சுற்றிச் சுற்றித் திருப்பி அடித்துக்கொண்டிருந்தேன். ரோஜா நிறம், பிறகு செந்நிறம், பிறகு மாதுளை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன்.

"அண்ணே, இந்தச் சிவப்ப நான் பெரிய வண்டியில ரெண்டு தடவ அடிச்சிட்டேன். ரெண்டு தடவையும் திட்டு விழுந்திச்சி" என்றார் தம்பி.

அவர் அதைச் சொல்ல எவ்வளவு தயங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "அடுத்த தடவ வண்டி வந்தா கூப்புடுங்க. நான் தொட மாட்டேன், பக்கத்துல நிக்கறேன்" என்றேன். கூப்பிட்டார். நின்றேன். அந்தக் கதை வேறு.

மேற்பூச்சும் அடித்து, மெருகேற்றி, சக்கரம் மாட்டி, கண்ணாடி ஒட்டி, ஆசிரியரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, எல்லாப் பக்கமும் பார்த்தார். "அபாங், இதைப் போட்டியில் வைக்க வேண்டும்" என்றார். கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் இப்படிப்பட்ட சின்ன வண்டிகளுக்கு ஒரு போட்டி நடக்கவிருந்தது. அவரே என் பெயரையும் கொடுத்துவிட்டார்.

மனைவி தம் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு என்னோடு வந்தார், நல்ல சேலை கட்டிக்கொண்டு. நீள நீள மேசைகளில் டாங்கிகள், விமானங்கள், லாரிகள், கார்கள். துருப்பிடித்ததுபோலச் சாயம் அடித்த ஒரு லாரியைப் பார்த்து அசந்துபோனேன். வாழ்நாள் முழுக்கத் துருவை மறைத்த எனக்கு, துருவைப் பிரஷ்ஷால் உண்டாக்குகிறவர்கள் இருப்பதே புதுச் செய்தி.

நடுவர்களில் ஒருவர் சீனப் பெண்மணி. நெற்றியில் மாட்டுகிற விளக்கோடு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர், என் கார் முன்னால் நின்றார். விளக்கின் ஒளி பட்டதும் சிவப்பு உள்ளிருந்து கிளம்பியது. என்னைக் கூப்பிட்டு, தொழிற்சாலையிலேயே சாயம் அடித்து வந்த உடலா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ மேடம். நான் அடிச்சது."

நம்பாதவர்போலக் காரைத் திருப்பி, சக்கர வளைவுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். அங்கே நான் வேண்டுமென்றே மறைக்காமல் விட்ட வெள்ளியும் காப்புப் பூச்சும் தெரிந்தன. தலையை ஆட்டினார். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த அம்மா விளக்கைக் காரின் உள்ளே திருப்பினார். இருக்கைகளுக்கு நான் ஒரே கறுப்பைப் பூசியிருந்தேன். ஸ்டியரிங் கொஞ்சம் சாய்ந்திருந்தது. முன்கண்ணாடியின் மூலையில் பசை பட்ட என் விரல்தடம். அவர் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

எனக்குப் பரிசு இல்லை. ஆசிரியர் செய்து வைத்திருந்த சின்ன ஆம்புலன்ஸ் வண்டிக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. மனமாரக் கைதட்டினேன், பொய்யில்லை. ஆனால் ரயிலில் வரும்போது பொருமிக்கொண்டே வந்தேன். "அந்த ஹால் முழுக்க இப்படி ஒரு செவப்பு இருந்திச்சா, நீயே சொல்லு" என்றேன்.

"இல்ல."

"அப்புறம் என்னா?"

மனைவி ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டே, "முகத்துக்கு மட்டும் மேக்கப் போட்டுட்டு கழுத்த விட்டுட்டீங்க" என்றார். "கல்யாணத்துல எல்லாரும் முகத்தத்தான் பாப்பாங்கன்னு நெனப்பாங்க. பாக்கறவங்க கழுத்தத்தான் பாப்பாங்க."

மடியிலிருந்த காரைத் தூக்கி உள்ளே பார்த்தேன். பெரிய கார்களில் இருக்கை என் வேலை இல்லை, கண்ணாடி என் வேலை இல்லை. எல்லாவற்றையும் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அடிப்பேன். எனக்குக் கார் என்றால் மேல்தோல்தான். இப்போது முழுக் காரும் என்னுடையதாகிவிட்டது.

அந்தக் காரைத் தவுக்கே கேட்டார் என்று சில நாள் கவுண்டரில் வைத்திருந்தேன். சாயம் தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் அதைக் காட்டி, இந்தச் சிவப்பு வேண்டும் என்றார்கள். ஒரு நாள் தவுக்கே வந்து, கவுண்டருக்கு வேறு ஆள் போடுகிறேன், நீ கலக்கும் அறைக்குப் போ, நிறம் பார்க்கிற வேலை உன்னுடையது என்றார். கீறல் விழுந்த காரின் வெயிலில் வெளுத்த நிறத்துக்கு ஏற்றபடி சாயம் கலந்து கொடுப்பது. கண்ணும் விரலும் போதும், தோள் வேண்டாம். கவுண்டர் நாற்காலியை விட்டு எழுந்தபோது அதன் பஞ்சு என் வடிவத்துக்கு அமுங்கியிருந்ததைப் பார்த்தேன். திரும்பி உட்காரவில்லை.

தோள் குணமாகவில்லை. குளிர்சாதன அறையில் மதியத்துக்குமேல் குடைய ஆரம்பிக்கும். இருக்கட்டும். இப்போது ஒரு லாரி செய்துகொண்டிருக்கிறேன். செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிற மாதிரியான லாரி. இம்முறை உள்ளிருந்து தொடங்கினேன். ஓட்டுநர் இருக்கையின் ரெக்சின் கிழிசல், தரையில் மிதித்துத் தேய்ந்த இடம், டேஷ்போர்டின் தூசு எல்லாம் முடிந்துவிட்டன. தலைப்பகுதியின் மேற்பாதி மஞ்சள், கீழ்ப்பாதி நீலம். இரண்டும் சந்திக்கிற கோடு சுத்தமாக விழ வேண்டும். இன்று மதியம், மஞ்சளை மறைத்திருந்த ஒட்டுநாடாவைப் பிரித்துப் பார்த்தேன். நீலம் மஞ்சளுக்குள் கசிந்திருந்தது. நாடாவின் ஓரத்தை முதலில் மஞ்சளாலேயே அடைத்துவிட்டுப் பிறகு நீலம் அடித்திருக்க வேண்டும். கழுவிக் காயவைத்திருக்கிறேன். நாளை சாப்பாட்டு நேரத்தில் மறுபடி அடிப்பேன்.